கட்டுத்தரையா, மேய்ச்சலா? சித்தூர், கொழிஞ்சாம்பாறைக் கறவைக்கு ஒரு கணக்கு

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கிழக்கே தமிழ்நாட்டின் பொள்ளாச்சி, மேற்கே கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் நாட்டுக்கல், கொழிஞ்சாம்பாறை. இரண்டு பக்கமும் வீட்டில் தமிழ்தான். கட்டுத்தரையில் நிற்பதும் ஒரே மாதிரி ஜெர்சி, ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு மாடுகள். மேற்கே பால் கேரளக் கூட்டுறவான மில்மாவின் சங்கத்துக்குப் போகிறது, கிழக்கே ஆவினுக்கும் தனியாருக்கும். மாட்டைக் கட்டிப்போட்டுத் தீனி போடுவதா, காட்டுக்கு ஓட்டுவதா என்ற பேச்சும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கட்டிப்போட்டால் பால் கூடும் என்பார் ஒருவர். மேய விட்டால் செலவு மிச்சம் என்பார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது, விட்டுப்போன கணக்கும் இருக்கிறது.

மேய்ச்சலில் மாடு தனக்குத்தானே செய்துகொள்ளும் வேலைகள் நிறைய. இளசாகப் பார்த்துக் கடிக்கும். வெயில் ஏறினால் நிழலுக்கு ஒதுங்கும். சாணம் போட்ட இடத்தைவிட்டுத் தள்ளிப் படுக்கும். நடக்க நடக்கக் குளம்பு தானாகத் தேயும். பருவத்துக்கு வந்தால் பக்கத்து மாட்டின் மேல் ஏறிக் காட்டிவிடும். கயிற்றை முளையில் கட்டிய நிமிடம் இத்தனை வேலையும் நம் கைக்கு வந்துவிடுகிறது. கட்டுத்தரை போட்டு நட்டப்பட்ட வீடுகளில் பார்த்தால் தீனியில் குறை இருக்காது. மற்ற நாலு வேலையை யாரும் எடுத்துச் செய்திருக்க மாட்டார்கள். இந்த அலசல் முழுக்க அந்த நாலு வேலையைச் சுற்றித்தான்.

காடு எவ்வளவு தரும்

எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் மழைமறைவு மேட்டுக்காடு. ஆனி, ஆடியில் கொல்லங்கோட்டு மலையடிவாரத்தில் கொட்டுகிற மழை இங்கே வந்து சேருவதற்குள் மெலிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை கொஞ்சம் ஈடு கட்டும். ஆக, காட்டில் பச்சை நிற்பது ஆடியிலிருந்து மார்கழி வரைக்கும்தான், அதுவும் விட்டு விட்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து வலுத்துவிட்டால் அருகும் கொழுக்கட்டைப்புல்லும் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். தையிலிருந்து வைகாசி வரை மாடு காட்டுக்குப் போவது நடைப் பழக்கத்துக்குத்தான், வயிறு நிறைய அல்ல.

400 கிலோ எடையுள்ள கலப்பின மாடு கறவையில் இருக்கும்போது ஒரு நாளைக்கு 12 முதல் 14 கிலோ வரை உலர்பொருள் தின்ன வேண்டும். உலர்பொருள் என்றால் தீனியிலிருந்து தண்ணீரைக் கழித்த மிச்சம். பச்சைப்புல்லில் அது ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். அப்படியானால் புல்லை மட்டும் நம்பினால் 60, 70 கிலோவை மாடு தன் வாயால் கடித்தெடுக்க வேண்டும். மாடு ஒரு நாளில் 8, 9 மணி நேரத்துக்கு மேல் மேயாது. மீதி நேரம் அசைபோடவும் படுக்கவும் வேண்டும். முழங்கால் உயரப் புல்லென்றால் அந்த நேரம் போதும். விரல் உயர அருகம்புல்லில் ஒவ்வொரு கடிக்கும் கிடைப்பது ஒரு சிட்டிகை. நாள் முழுக்க மேய்ந்துவிட்டு வந்தாலும் பாதி வயிறுதான்.

இதைத் தெரிந்துகொள்ளத் தராசு வேண்டாம். சாயங்காலம் வீடு திரும்பும் மாட்டின் இடப்பக்கம் போய் நில்லுங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு முக்கோணப் பள்ளம் தெரியும், பசிக்குழி. அது மேவி நிறைந்திருந்தால் காடு கொடுத்திருக்கிறது. உள்ளங்கையை வைத்தால் கை உள்ளே அமரும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால், அன்றைக்கு மாடு நடந்ததுதான் மிச்சம். அந்த நடைக்கும் தீனி செலவாகிறது. நல்ல மேய்ச்சலில் உடம்பைப் பராமரிக்கும் தேவை 10 சதவீதம் கூடும். புல் தேடி அலைய வேண்டிய காட்டில் 20 சதவீதம் வரை போகும்.

மேய்க்கால் புறம்போக்குகளும் சுருங்கிக்கொண்டே வருகின்றன. மிஞ்சியது வாய்க்கால் கரை, ரோட்டோரம், தென்னந்தோப்பு, அறுத்த வயல். முதலமடைப் பக்கம் மாந்தோப்புகளில் பூவெடுக்கும் காலத்தில் மருந்தடிப்பு நடக்கும். கீழே நிற்கும் புல்லின் மேலும் அந்த மருந்து இறங்கும். அங்கே மேய்ந்த மாட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகி, தசை துடித்து, மூச்சு வாங்கினால் வீட்டு வைத்தியம் பார்க்க நேரமில்லை, உடனே கால்நடை மருத்துவர் வர வேண்டும். என்ன மருந்து அடித்தார்கள் என்று தோப்புக்காரரிடம் கேட்டு வைத்திருந்தால் அவருக்கு உதவும். ரோட்டோர மேய்ச்சலில் பிளாஸ்டிக் பையும் கம்பித் துண்டும் வயிற்றுக்குள் போகும். கோடையில் பசி தாங்காத மாடு வழக்கமாகத் தொடாத உண்ணிச்செடியையும் கடிக்கும். அதில் கல்லீரல் கெட்டு, கண் மஞ்சளித்து, வெயில் பட்ட இடத்தில் தோல் வெடிக்கும். பார்த்தீனியம் தின்ற மாட்டின் பால் கசந்து சங்கத்திலிருந்து திரும்பி வரும்.

மேய்ச்சலுக்கு நல்ல பக்கமும் வலுவாக உண்டு. பச்சை மேய்ந்த மாட்டின் பாலில் மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் கூடுதல், கொழுப்பின் தரமும் மேல். குளம்புக் கோளாறு குறைவு. கன்று சுலபமாகப் போடும். 3, 4 லிட்டர் கறக்கும் நாட்டு மாடு, பால் வற்றிய மாடு, சினைக் கிடேரி இவற்றுக்கு மழைக்காலக் காடு போதுமானது. இரவில் 2, 3 கிலோ வைக்கோலும் ஒரு கிலோ தவிடு புண்ணாக்கும் போட்டால் நிறைந்துவிடும். இவற்றைக் கட்டிப்போட்டுப் புல் வெட்டிப் போடுவது வீண் வேலை.

கட்டுத்தரையின் கிலோக் கணக்கு

10 லிட்டர் கறக்கும் 400 கிலோ மாட்டுக்கு ஒரு நாள் தீனி இப்படி அமையும். நறுக்கிய பசுந்தீவனம் 25 கிலோ. அதில் உலர்பொருள் 5 கிலோ. வைக்கோல் அல்லது சோளத்தட்டு 4 கிலோ. அதில் மூன்றரை. கலப்புத் தீவனம் உடம்புக்கு ஒன்றரை, பாலுக்கு லிட்டருக்கு 400 கிராம் வீதம் 4, ஆக ஐந்தரைக் கிலோ. அதில் 5 கிலோ உலர்பொருள். மொத்தம் பதின்மூன்றரை. மேலே சொன்ன 12–14க்குள் வந்துவிட்டது. கூடவே தாது உப்புக் கலவை 50 கிராம், சமையல் உப்பு 30 கிராம்.

இந்தப் பசுந்தீவனத்துக்கு எவ்வளவு நிலம் வேண்டும்? கோ-5 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கு ஹெக்டேருக்கு ஆண்டு விளைச்சல் 360 டன் என்று கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிறது. செண்டுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 4 கிலோ. காகிதத்தில் ஒரு மாட்டுக்கு 6, 7 செண்டு போதும். நம் மண்ணில் 10, 12 செண்டு என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். காரணம் தண்ணீர். ஒட்டுப்புல் 7–10 நாளுக்கு ஒருமுறை தண்ணீர் கேட்கும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டியது ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. அந்தத் தண்ணீர் மூலத்தறை ரெகுலேட்டரிலிருந்து வாய்க்காலில் எந்த மாதம் எவ்வளவு வரும் என்பதைப் பொறுத்துத்தான் மாசி, பங்குனியில் புல் நிற்கும். போர்வெல்லை மட்டும் நம்புகிறவர்கள் 12 செண்டையும் 15 ஆக்கிக்கொள்ள வேண்டும்.

கரணையை (நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டை) வரிசைக்கு வரிசை 60 செ.மீ., கரணைக்குக் கரணை 50 செ.மீ. விட்டு நட வேண்டும். செண்டுக்கு 135 கரணை பிடிக்கும். முதல் வெட்டு 75–80 நாளில், அதற்குப் பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. நிலத்தை 45 பாத்தியாகப் பிரித்து நாளுக்கு ஒரு பாத்தி வெட்டுவதுதான் முறை. முதல் பாத்தியிலிருந்து வெட்டிக்கொண்டு போய்க் கடைசிப் பாத்தியை முடிக்கும்போது முதல் பாத்தி மறுபடி தயாராக இருக்கும். இதைச் செய்யாதவர்கள் வாசலுக்குப் பக்கத்துப் புல்லையே வெட்டி வெட்டி மொட்டையாக்குவார்கள். தூரத்துப் பாத்தி மூங்கிலாக நிற்கும். 60 நாள் தாண்டிய தண்டில் புரதம் நன்றாக இறங்கிவிடும், மாடும் அதை ஒதுக்கும். வெட்டும்போது தரையிலிருந்து 10–15 செ.மீ. அடி விட்டால் தூர் நன்றாக வெடிக்கும்.

ஒட்டுப்புல் ஒன்றையே போட்டால் கால்சியம் குறையும். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். தாது உப்பு வேண்டும் என்பது இதற்காகத்தான், கடைக்காரர் விற்பதற்காக இல்லை. மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனச் செடி போட்டால் புரதமும் சேரும். வேலிமசால் பச்சை 7, 8 கிலோ போட்டால் ஒரு கிலோ கலப்புத் தீவனம் மிச்சம். தென்னந்தோப்பு நிழலில் ஒட்டுப்புல் மெலிந்து நிற்கும், அங்கே கினிப்புல் நன்றாக வரும். கிணறு இல்லாத மேட்டுக்காட்டில் தட்டுச்சோளம் விதைத்து, பூவெடுத்த பிறகு அறுத்துப் போர் போட்டு வைப்பதற்கு ஈடாக இன்னும் எதுவும் வரவில்லை. சோளத்தில் ஒரு எச்சரிக்கை: 45 நாளுக்குட்பட்ட இளம்பயிரும், வாடி நின்று மழைக்குப் பிறகு துளிர்த்த மறுதாம்பும் சயனைடு நச்சுள்ளவை. மேய்ச்சல் மாடு பக்கத்துச் சோளக்காட்டில் பாய்ந்து தின்றுவிட்டுக் கால் மடங்கி விழுவது இதனால்தான். மரவள்ளி இலைக்கும் தோலுக்கும் இதே நச்சு உண்டு. 2023 கடைசியில் தொடுபுழா அருகே வெள்ளியாமற்றத்தில் மரவள்ளித் தோல் தின்ற 13 மாடுகள் இறந்தன. அவை கொட்டில் மாடுகள். கட்டிப்போட்டால் விஷத்திலிருந்து தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். காட்டில் மாடு முகர்ந்து பார்த்து ஒதுக்கும். தொட்டியில் போட்டதை, பசியில், அப்படியே தின்றுவிடும்.

எத்தனை லிட்டரில் கட்டிப்போடலாம்

கட்டுத்தரையில் ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு கலப்புத் தீவனம் போகிறது என்று பார்த்தால் விடை தானாகத் தெரியும். உடம்புக்கு ஒன்றரைக் கிலோ என்பது 4 லிட்டர் மாட்டுக்கும் அதேதான், 15 லிட்டர் மாட்டுக்கும் அதேதான்.

| கறவை | கலப்புத் தீவனம் | லிட்டருக்கு |
|---|---|---|
| 4 லிட்டர் | 3.1 கிலோ | 775 கிராம் |
| 6 லிட்டர் | 3.9 கிலோ | 650 கிராம் |
| 10 லிட்டர் | 5.5 கிலோ | 550 கிராம் |
| 15 லிட்டர் | 7.5 கிலோ | 500 கிராம் |

மழைக்காலத்தில் மேய்ந்துவிட்டு வந்து ஒன்றரைக் கிலோ தீவனத்தில் 4 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு லிட்டருக்கு 375 கிராம்தான். அதே மாட்டைக் கட்டிப்போட்டால் 775. இரண்டு மடங்குக்கு மேல். உங்கள் ஊரில் தீவன மூட்டை என்ன விலையோ அதை இதோடு பெருக்கி, சங்கத்தில் கிடைக்கும் விலைக்கு எதிரே வைத்துப் பாருங்கள். நம் கணிப்பில் 7, 8 லிட்டருக்குக் கீழே கறக்கும் மாட்டுக்கு முழுநேரக் கட்டுத்தரை கட்டுப்படியாகாது. 10 லிட்டருக்கு மேல் கறக்கும் மாட்டை முழுநேர மேய்ச்சலுக்கு விட்டால் அது தன் சதையைக் கரைத்துப் பால் கொடுக்கும். இரண்டு மாதத்தில் முதுகெலும்பு தெரியும், அடுத்த சினை பிடிக்காது.

தண்ணி காட்டுவது

நம் பக்கத்துப் பழக்கம், தவிடும் புண்ணாக்கும் தீவனமும் ஒரு தாழித் தண்ணீரில் கரைத்துக் காலை ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை தண்ணி காட்டுவது. மேய்ச்சல் மாட்டுக்கு இது சரி. பகலில் வாய்க்காலில் குடித்துக்கொள்ளும். கட்டுத்தரை மாட்டுக்கு இதுதான் முதல் குறை. வெயில் காலத்தில் 10 லிட்டர் கறக்கும் மாடு 60–80 லிட்டர் குடிக்கும். இரண்டு வேளைத் தாழியில் அது தீராது. தண்ணீர் குறைந்தால் அன்றைக்கே பால் குறையும். மாட்டின் முகத்தருகே எப்போதும் தண்ணீர் நிற்கிற மாதிரி மிதவை வால்வு வைத்த சிறு தொட்டியோ, இரண்டு மாட்டுக்கு நடுவே ஒரு கிண்ணத் தொட்டியோ வைத்துவிட்டு ஒரு வாரம் பாலை அளந்து பாருங்கள். கட்டுத்தரைக்கு இதைவிட மலிவான முதலீடு இல்லை.

தீவனத்தைக் கரைத்துக் கொடுப்பதிலும் ஒரு கேடு இருக்கிறது. கரைசலாகக் குடித்தால் மாடு மெல்லாது. மெல்லாவிட்டால் உமிழ்நீர் ஊறாது, வயிற்றில் புளிப்பு ஏறும். புட்டுமாவு பதத்துக்குத் தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொடுங்கள். கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பழக்கம் மாறிய மாடு முதல் நாலைந்து நாள் முகம் திருப்பும். மேலே ஒரு கை தவிடு தூவினால் தின்னத் தொடங்கும். கஞ்சி, சோறு, கல்யாண வீட்டு மிச்சம், பலாப்பழம் இவற்றை அளவில்லாமல் கொட்டினால் அதே புளிப்பு ஒரே நாளில் மாட்டைச் சாய்த்துவிடும்.

பாலின் அளவைச் சங்கத்துச் சீட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கொழுப்பு இறங்கினால் நார் போதவில்லை, வைக்கோலைக் கூட்டித் தீவனத்தைக் குறைத்துப் பாருங்கள். எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) இறங்கினால் பெரும்பாலும் எரிசக்தி போதவில்லை, வெறும் புல்லிலும் வைக்கோலிலும் ஓட்டுகிறோம் என்று பொருள். பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் குறைந்தபட்ச அளவு கொழுப்பு 3.2 சதவீதம், எஸ்.என்.எஃப். 8.3 சதவீதம்.

கொட்டில், காற்று, தரை

கொட்டிலை நீளவாக்கில் கிழக்கு மேற்காகக் கட்டுவது வெயிலுக்காக. நம் கணவாய் நாட்டில் இன்னொரு நன்மையும் உண்டு: மார்கழி முதல் மாசி வரை அடிக்கும் கிழக்குக் காற்று கொட்டிலின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும், மாட்டின் விலாவில் நேராக அடிக்காது. மேற்கு முனையில் மட்டும் மழைக்காலச் சாரலுக்கு ஓலைத் தட்டி வேண்டும். தகரக் கூரை என்றால் ஓரத்தில் 8 அடிக்குக் குறையாத உயரமும், தகரத்துக்குக் கீழே தென்னங்கீற்றும், மேலே சுண்ணாம்பும் அவசியம். 25, 27 டிகிரிக்கு மேல் போனாலே கலப்பின மாடு மூச்சு வாங்கத் தொடங்கும். நம் பங்குனி வெயிலுக்கு 11 மணி முதல் 3 மணி வரை உடம்பை நனைத்து மின்விசிறி போட வேண்டும். விசிறி இல்லாமல் நனைத்தால் கொட்டிலுக்குள் புழுக்கம்தான் ஏறும். மேய்ச்சல் மாட்டுக்கும் இந்த நாலு மணி நேரம் வெளியே வேலை இல்லை. காலை 6 முதல் 10, பிறகு 4 மணிக்கு மேல்.

ஒரு மாட்டுக்கு 40 சதுர அடி. நிற்கும் இடம் ஐந்தரை அடி நீளம், மூன்றரை முதல் 4 அடி அகலம். தரை 40க்கு 1 சரிவு, அதாவது ஐந்தரை அடிக்கு ஒன்றரை அங்குலம் இறக்கம். அதற்கு மேல் சரிந்தால் சினை மாட்டுக்குக் கருப்பை வெளித்தள்ளும் தொல்லை வரும். குறைந்தால் மூத்திரம் தேங்கும். சிமெண்ட் தரையைத் தேய்த்து வழவழப்பாக்கும் கொத்தனாரை நிறுத்தி, ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்காகக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். வழுக்கி விழுந்து தொடை விரிந்த மாடு எழுவதில்லை. தீனித்தொட்டியின் அடிப்பாகம் முன்கால் நிற்கும் தரையைவிட 10–15 செ.மீ. உயரத்தில் இருந்தால் மாடு மண்டியிடாமல் தின்னும்.

நறுக்காத புல்லைப் போட்டால் மாடு மென்மையான இலையை இழுத்துக்கொண்டு தண்டைக் காலடியில் தள்ளும். மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகும். ஒன்றரை, இரண்டு குதிரைத்திறன் மோட்டார் போட்ட புல் வெட்டும் மிஷினில் ஓர் அங்குலத்துக்கு நறுக்குங்கள். மிஷினின் வாயில் கை எட்டாத நீளத்துக்குத் தகரத் தட்டு இருக்க வேண்டும். சிக்கிய புல்லை எடுக்கச் சுவிட்சை அணைத்த பிறகுதான் கை போக வேண்டும். ஐந்து மாட்டுக்கு நாளைக்கு 125 கிலோ புல் வெட்டிச் சுமந்து நறுக்க வேண்டும், நூறு கிலோவுக்குக் குறையாத சாணம் அள்ள வேண்டும். ஒருவருக்கு அரை நாள் வேலை. 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலனுக்கு 50 கிலோ சாணம் போதும். மேய்ச்சலில் காட்டோடு போய்விடும் இந்தச் சாணம் கட்டுத்தரைக்காரருக்கு அடுப்பும் எருவும் ஆகிறது. எருவைப் புல்லுக்கே போடலாம், ஆனால் யூரியாவும் கொட்டி, வறட்சிக்குப் பின் மழை பெய்து துளிர்த்த புல்லை உடனே வெட்டினால் நைட்ரேட் நச்சு இருக்கும். அப்போது அடித்தண்டை ஒரு முழம் விட்டு மேலே வெட்டுவது நல்லது.

நோய்கள்

மேய்ச்சலின் நோய்கள் வெளியிலிருந்து வருபவை. உண்ணி, அதனால் வரும் தைலேரியா, பபேசியா காய்ச்சல். மூத்திரம் காபி நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவர். மேற்கே நெல்வயல் பக்கம், கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுத்த ஈரத் தாளடியில் மேய்ந்தால் நத்தை வழியாகக் கல்லீரல் தட்டைப்புழு. தாடைக்கடியில் நீர் தொங்கும் வீக்கம் அதன் அடையாளம். மழைக்கு முன்னும் பின்னும் சாணப் பரிசோதனை செய்து குடற்புழு மருந்து கொடுப்பது மேய்ச்சல் மாட்டுக்குத் தவறக் கூடாது.

கட்டுத்தரையின் நோய்கள் நாமே உண்டாக்குபவை. முதலில் மடிநோய். கறந்து முடித்த அரை மணி நேரம் காம்புத் துளை திறந்திருக்கும். அந்த நேரம் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். இதற்கு ஒரு எளிய தடுப்பு: புதுப் புல்லைக் கறப்பதற்கு முன்னால் போடாமல் கறந்து முடித்ததும் போடுங்கள். தின்பதற்காக நின்றுகொண்டே இருக்கும். காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்து விடுவதையும் சேர்த்துச் செய்தால் மடிநோய்ச் செலவு கண்ணுக்குத் தெரியக் குறையும். அடுத்தது குளம்பு. நடக்காத குளம்பு செருப்பு முனைபோல நீண்டு வளையும், எடை குதிகாலில் இறங்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். உண்ணி கொட்டிலிலும் வரும், அது மாட்டின் மேல் இருப்பதைவிடச் சுவர் வெடிப்பில் முட்டை போட்டுப் பெருகும். மாட்டுக்கு மருந்து போட்டுவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் அடுத்த மாதம் மறுபடி வரும்.

கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வகைக்கும் பொது.

பருவம் தெரியாமல் போவது

கட்டுத்தரையில் பணம் அதிகம் ஒழுகும் ஓட்டை இதுதான், பேசுவது குறைவு. கட்டிய மாடு ஏறிக் காட்ட முடியாது. கலப்பின மாட்டுக்குப் பருவம் ஒரு நாளுக்குக் குறைவாகவே நிற்கும், அதிலும் பெரும்பாலும் இரவில். ஒன்று தவறினால் 21 நாள் போனது. அந்த 21 நாளும் தீனிச் செலவு நிற்காது. காலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும், தீனி போடாமல், டார்ச்சோடு பத்து நிமிடம் மாட்டின் பின்னால் நின்று பார்ப்பது இதற்கு மருந்து. கண்ணாடி போலத் தெளிந்த வழும்பு தொங்குகிறதா, வால் ஒதுங்கியிருக்கிறதா, மற்றவை படுத்திருக்க இது மட்டும் நிற்கிறதா, காலையில் ஒரு லிட்டர் குறைந்ததா. காலையில் கண்டால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. வழும்பில் இரத்தம் தெரிந்தால் பருவம் கடந்துவிட்டது. அந்தத் தேதியைச் சுவரில் எழுதி, 18ஆம் நாளிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்குங்கள்.

நடுவழி

நம் பக்கத்துக்கு நாங்கள் சொல்வது மூன்றாவது வழி: தீனி முழுக்கக் கட்டுத்தரைக் கணக்கில், நடை மட்டும் வெளியில். கொட்டிலை ஒட்டி மாட்டுக்கு 75, 80 சதுர அடி வீதம் மண் தரையில் வேலி போட்டு, ஒரு வேப்பமரமோ புங்கமரமோ நடுவில் நிற்க, சாயங்காலம் கறந்த பிறகு இரண்டு மணி நேரம் கயிறில்லாமல் விடுங்கள். குளம்பு தேயும், பருவம் கண்ணில் படும், மாடு தான் விரும்பிய இடத்தில் படுக்கும். அந்த நேரம் திண்ணையில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் போதும். மழைக்காலத்தில் மட்டும் அந்த இரண்டு மணி நேரத்தை நான்காக்கி, தோப்புக்குள் அனுப்பினால் பசுந்தீவனத்தில் 8, 10 கிலோ மிச்சமாகும். வைக்கோல் மட்டும் மிஞ்சிய கோடைக்கு, 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, தார்ப்பாயால் இறுக மூடி 21 நாள் வைத்துக் கொடுக்கலாம். திறந்ததும் ஒரு மணி நேரம் ஆற விட வேண்டும். யூரியா நன்றாகக் கரைந்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இது கூடாது.

மாற்றும்போது

மேய்ச்சலிலிருந்து கட்டுத்தரைக்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள். அசைபோடும் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக இரண்டு, மூன்று வாரம் ஆகும். முதல் வாரம் மேய்ச்சலைப் பாதியாக்கி, மிச்சத்துக்கு நறுக்கிய புல். கலப்புத் தீவனத்தை மூன்று நாளுக்கு அரைக் கிலோ வீதம் மட்டும் கூட்டுங்கள். சாணத்தைப் பாருங்கள். கீழே விழுந்ததும் மூன்று விரல் உயரத்தில் வட்டமாக நிற்க வேண்டும். தெறித்து ஓடினால் தீவனம் வேகமாகக் கூடுகிறது, இரண்டு நாள் பின்னால் போங்கள். முழுச் சோளமணி தெரிந்தால் அரைப்பு பெரிசு. படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் அசைபோட வேண்டும், ஒரு கவளத்தை 50, 60 முறை மெல்ல வேண்டும்.

எதிர்த்திசையிலும் இதே நிதானம் வேண்டும். பொள்ளாச்சிச் சந்தையில் செவ்வாயோ வியாழனோ மாடு பிடிக்கும்போது ஈத்தும் பாலும் கேட்பதோடு, கட்டி வளர்த்ததா மேய்ந்ததா என்றும் கேளுங்கள். குளம்பைப் பார்த்தாலே பாதி தெரியும். வீட்டுக்கு வந்ததும் 21 நாள் மற்ற மாடுகளிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள். கட்டி வளர்ந்த மாட்டுக்கு எந்தச் செடியை ஒதுக்க வேண்டும் என்று தெரியாது, கிடைத்ததைக் கடிக்கும். அதை முதல் தடவை தோப்புக்கு ஓட்டும் நாளில் வீட்டிலேயே வைக்கோல் போட்டு அரை வயிறு நிரப்பி, பனி காய்ந்த பிறகு, மேய்ந்து பழகிய ஒரு கிழட்டு மாட்டோடு சேர்த்து அரை மணி நேரத்துக்கு அனுப்புங்கள்.